கையெழுத்து மட்டும் அவளுடையது

அத்தியாயம் 17

சொர்ணலதா சனிக்கிழமை காலை புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். அதற்குள் நாலைந்து பேர் கடிதம் போட்டுவிட்டார்கள், அந்தப் பெண்ணுக்கு வேலை கிடைக்குமா கிடைக்காதா, சொல்லித் தொலையுங்கள் என்று. சொல்கிறேன். கேட்டுவிட்டு என் மேல் பாயக் கூடாது. எனக்கே அந்த வீட்டு ஆண்கள் இரண்டு பேர் மேலும் தாங்க முடியாத கோபம்.

புதிதாக வந்து உட்கார்ந்திருப்பவர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொர்ணலதா மைசூர் சரஸ்வதிபுரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் கணக்கு டீச்சர். ஏழு வருஷமாகத் தற்காலிகம். இந்த 1997 ஜூனில் பள்ளிக்கு நான்கு கம்ப்யூட்டர் வந்து இறங்கின. அதற்கு ஒரு டீச்சர் வேண்டும், நிரந்தர வேலை, தாமே செய்த பாடங்களைக் கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று அறிவித்தார்கள். மார்ச்சோடு தற்காலிக டீச்சர்களை அனுப்பிவிடப் போவதாகவும் கூடவே சொல்லிவிட்டார்கள். இந்த வேலை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் அவளுக்குப் பள்ளிக்கூடமே கிடையாது.

பாடங்கள் அவளிடம் இருந்தன. கணவனின் தம்பி உதயகுமார் சயாஜிராவ் ரோட்டில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறான். பள்ளி விட்டதும் அங்கே போய், காலியாக இருக்கும் மெஷினில் உட்கார்ந்து, பதினோரு மாதமாக அவளே கற்றுக்கொண்டு அவளே எழுதியவை. கணவன் சேகரனுக்கு வீட்டுக்குப் பக்கத்திலேயே, மேட்டகள்ளியில் ஃபேக்டரி வேலை. அந்த ஃபேக்டரிக்குப் பூட்டுப் போட்டு எட்டு மாதம் ஆகிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

காலை எட்டு மணிக்கு அவள் கிளம்பும்போது சேகரன் வாசல் வரை வந்தான். தண்ணீர் பாட்டிலை அவனே நிரப்பிப் பைக்குள் வைத்தான்.

"நல்லாப் பண்ணு புள்ள. படபடன்னு பேசாத. நிதானமாச் சொல்லு."

"பயமா இருக்குதுங்க."

"என்ன பயம்? உன்ற பாடம், நீ சொல்றே."

இந்த வாக்கியத்தை அவன் எப்படி வாய் கூசாமல் சொன்னான் என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அவளோ அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு சரஸ்வதிபுரம் வரைக்கும் பஸ்ஸில் சிரித்த முகமாகப் போனாள்.

பள்ளியில் தலைமை ஆசிரியை கௌரம்மா அவளைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். அவர் பேசியது கன்னடம். உங்களுக்காகத் தமிழில் தருகிறேன், வாசனைக்கு ஒன்றிரண்டு சொல் விட்டுவைத்து.

"யாக்கம்மா, ஏன் இப்படிப் பண்ணினே? ஒரு வார்த்தை என்கிட்ட நேரா வந்து சொல்லியிருக்கலாமில்லே?"

"என்ன மேடம் பண்ணினேன்?"

"வேலை வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டு, புதுப் புடவை கட்டிட்டு வந்து நிக்கறியே."

கௌரம்மா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். ஆங்கிலத்தில் ஏழெட்டு வரி. 'கணக்குப் பாடங்கள் அனைத்தும் என் கொழுந்தனார் உதயகுமார் தயாரித்தவை. டைப் அடித்து உதவியது மட்டுமே நான். குடும்பக் காரணங்களால் கம்ப்யூட்டர் ஆசிரியர் வேலை எனக்கு வேண்டாம். என் விண்ணப்பத்தை ரத்து செய்யவும்.' அடியில் கையெழுத்து.

கையெழுத்து அவளுடையதுதான். சந்தேகமே இல்லை. மேலே இருந்த ஏழெட்டு வரிதான் அவளுடையது அல்ல.

டீச்சர் வேலை பார்க்கும் பெண்கள் உள்ள வீட்டில் இந்தப் பழக்கம் தெரிந்திருக்கும். திடீரென்று காய்ச்சல் வந்தால் லீவு லெட்டர் போக வேண்டும், எழுத உடம்பில் தெம்பு இருக்காது. அதற்காக வெள்ளைத் தாளில் அடியில் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைத்திருப்பார்கள். சொர்ணலதாவும் டிவி மேலிருந்த பஞ்சாங்கத்துக்குள் அப்படி வைத்திருந்தாள். மேலே நாலு வரி எழுதி, ஷிஃப்டுக்கு முன்னால் பஸ் பிடித்துப் போய்ப் பள்ளியில் கொடுத்துவிட்டு வருவது சேகரன் வழக்கம். ஏழு வருஷமாக அவளுடைய லீவு லெட்டர்கள் அவன் எழுத்தில்தான் வந்திருக்கின்றன. கௌரம்மாவுக்கும் அந்த எழுத்து பழக்கம். அதனால்தான் அவர் சந்தேகப்படவில்லை.

"யார் மேடம் கொண்டுவந்து குடுத்தாங்க?"

"உங்க யஜமானர்தான், உன் புருஷன். வியாழக்கிழமை. நீ அழுதுட்டே கையெழுத்துப் போட்டேன்னு சொன்னார். எனக்கும் கஷ்டமாப் போச்சு. நேத்து நான் ஊர்ல இல்ல, இருந்திருந்தா உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருப்பேன்."

அழுதாளாம். வியாழக்கிழமை அவள் சாயங்காலம் வரைக்கும் பேப்பர் திருத்திவிட்டு, ராத்திரி அவனுக்குப் பிடிக்குமே என்று ராகி ரொட்டி தட்டிப் போட்டிருக்கிறாள். அவன் இரண்டாவது ரொட்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறான்.

இது பொய், என் வீட்டுக்காரர் எழுதியது என்று சொல்ல அவளுக்கு வாய் வரை வந்தது. சொன்னால் சேகரன் மானம் அந்த மேஜை மேலேயே போய்விடும். பன்னிரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள் அவ்வளவு சுலபத்தில் சொல்லிவிடுவாளா? சொல்லவில்லை. பாவி, தாளை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"வந்தது வந்துட்டே. உள்ள வா. உன் கொழுந்தன் அந்தப் பாடங்களைப் பதினோரு மணிக்குக் காட்டப் போறான். செக்ரெட்டரி பசவராஜ் சாரும் வந்துட்டார்" என்றார் கௌரம்மா.

கம்ப்யூட்டர் அறை வாசலில் செருப்பெல்லாம் வரிசையாகக் கிடந்தது. உள்ளே நான்கு மெஷினின் நெற்றியிலும் ஆயுத பூஜைக் குங்குமம் இன்னும் அழியவில்லை. உதயகுமார் டை கட்டிக்கொண்டு நின்றான். அண்ணியைப் பார்த்ததும் ஒரு நொடி முகம் செத்தது. பிறகு சமாளித்துக்கொண்டு, "வாங்க அண்ணி, உக்காருங்க" என்றான், தன் வீட்டுக் கல்யாணத்துக்கு வரவேற்கிற மாதிரி.

அவள் உட்காரவில்லை. சுவரோரம் நின்றாள்.

திரையில் முதலில் 'உதயா கம்ப்யூட்டர்ஸ்' என்று வண்ண வண்ணமாக எழுத்து ஓடியது. அது மட்டும்தான் அவன் செய்தது. அதற்குப் பின்னால் வந்ததெல்லாம் அவளுடைய பாடங்கள். அவள் போட்ட கோடு, அவள் போட்ட கட்டம், அவள் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள்கூட அப்படியே இருந்தன. பெயரை மாற்ற வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

செக்ரெட்டரி பசவராஜ் காப்பித் தோட்டக்காரர். கம்ப்யூட்டர் தெரியாது, ஆனால் மனக்கணக்கில் கெட்டி. திரையைக் கூர்ந்து பார்த்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் கையைக் காட்டினார்.

4.4 + 0.4 = ? என்று கேள்வி. கீழே மூன்று விடைகள்: 4.8, 5.2, 8.4.

"நாலு புள்ளி எட்டு சரி. எட்டு புள்ளி நாலு, திருப்பிப் போட்டிருக்கீங்க. இந்த அஞ்சு புள்ளி ரெண்டு எங்கிருந்து வந்தது? எந்தப் பிள்ளை அப்படிப் போடும்?"

உதயகுமார் குனிந்து பார்த்தான். அவன் அந்த விடையை அன்றைக்குத்தான் முதல் முறையாகப் பார்க்கிறான் என்று அவன் கழுத்தே சொன்னது.

"அது வந்து சார், கம்ப்யூட்டர் தானா ஏதோ ஒரு நம்பர் எடுத்துக்கும். சின்னக் கோளாறு. அடுத்த தடவை எடுத்துடறேன்."

எடுத்துடறேன் என்றதும் சொர்ணலதாவுக்குப் பொறுக்கவில்லை. வேலை போனதைக்கூடத் தாங்கினாள், இதைத் தாங்கவில்லை.

"எடுக்கக் கூடாது சார்."

எல்லோரும் திரும்பினார்கள்.

"அது கிரிக்கெட் ஓவர் கணக்கு. நாலு ஓவர் நாலு பந்து, அதோட நாலு பந்து சேத்தா அஞ்சு ஓவர் ரெண்டு பந்து. என் கிளாஸ்ல நாப்பத்தெட்டுப் பேர். பதினேழு பேர் இப்படித்தான் போட்டிருந்தாங்க. டிவில மேட்ச் பாத்துப் பாத்து, புள்ளி வெச்ச கணக்கு எல்லாமே ஆறு பந்துக் கணக்குன்னு நினைச்சுட்டிருக்காங்க. அது தெரியாம நான் ரெண்டு வாரம் போர்டுல கத்திட்டிருந்தேன்."

பசவராஜ் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"தப்பான விடை நாமளா யோசிச்சுப் போடறது இல்ல சார். பிள்ளைங்க நோட்டுல இருந்து எடுக்கணும். அப்பத்தான் எந்தப் பிள்ளை எங்க மாட்டிட்டு நிக்குதுன்னு டீச்சருக்குத் தெரியும். மெஷின் நாலுதான், பிள்ளைங்க நாப்பத்தெட்டு. மூணு மூணு பேரா உக்கார வெச்சா ஒருத்தன் தட்டுவான், ரெண்டு பேர் சண்டை போடுவாங்க. அந்தச் சண்டையிலதான் படிப்பே இருக்கு. கடைசில எத்தனை பேர் எந்தத் தப்புன்னு ஒரு தாள் பிரிண்ட் வரும். மறுநாள் என்ன நடத்தணும்னு நான் அதைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவேன். இப்ப அந்த அஞ்சு புள்ளி ரெண்டை அமுக்கிப் பாருங்க."

பசவராஜே எழுந்து வந்து அமுக்கினார். திரையில் இரண்டு வரி வந்தது. 'கிரிக்கெட்டில் இது சரி. கணக்கில் ஓர் ஓவருக்குப் பத்துப் பந்து. மறுபடி போடு.'

மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். கௌரம்மா சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பசவராஜ் உதயகுமாரைப் பார்த்தார், அப்புறம் அந்த லெட்டரைக் கேட்டு வாங்கிப் படித்தார்.

"இது நீங்க எழுதினதாம்மா?"

அவள் தாளின் அடியில் இருந்த தன் கையெழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நோடி, பாருங்க, நான் வீட்டு விஷயத்துல தலையிட மாட்டேன். நாலு மணிக்கு இவரோட ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடறோம். போட்டா இந்தப் பாடமும் இவரோடது, கம்ப்யூட்டர் கிளாஸும் இவர் ஆளுங்களோடது. டீச்சர் வேலைன்னு ஒண்ணு இருக்காது. இந்த லெட்டர் பொய்னா, யார் எழுதினாங்கன்னு உங்க கைப்பட எழுதி நாலு மணிக்குள்ள கொண்டாங்க. வாயால சொல்றது எனக்கு வேண்டாம்."

அவள் சரி என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்தாள். அங்கேயே உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கலாம் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவள் மனதில் ஒரே ஒரு நினைப்பு. அவராக வாயைத் திறந்து சொல்லட்டும். தப்புப் பண்ணிட்டேன் புள்ள, வா போலாம் என்று ஒரு வார்த்தை சொல்லிக் கூட வந்தால் போதும், அவர் பேர் வராமல் எப்படியாவது எழுதிக் கொடுத்துவிடலாம். மதிய வெயிலில் மேட்டகள்ளி வரைக்கும் இதையே நினைத்துக்கொண்டு போனாள்.

வீட்டில் சேகரன் சோறு வடித்து, ரசம் வைத்து, அப்பளம்கூடப் பொரித்து வைத்திருந்தான். எட்டு மாதத்தில் அவன் அப்பளம் பொரித்தது அன்றைக்குத்தான்.

"வந்துட்டியா புள்ள? போயிருச்சா?"

கிடைச்சுதா என்று கேட்கவில்லை பாருங்கள். போயிருச்சா என்று கேட்டான்.

"போயிருச்சுங்க."

"விடு. பெரிய எடம், அவங்களுக்குத் தெரிஞ்சவங்களுக்குத்தான் குடுப்பாங்க. நீ மனசை விடாத. சாப்புடு மொதல்ல."

அவள் பையைக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"வியாழக்கிழமை நீங்க ஸ்கூல் பக்கம் வந்தீங்களா?"

"நானா? யூனியன் ஆபீஸ்ல இல்ல இருந்தேன். ஏன்?"

"சும்மா கேட்டேன். யாரோ பாத்த மாதிரி சொன்னாங்க."

"வேற யாராச்சும் இருக்கும். என்னைய மாதிரி ஆயிரம் பேர் இருக்கான் இந்த ஊர்ல." சொல்லிக்கொண்டே ரசத்தைக் கரண்டியால் கலக்கினான். ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு உப்புப் பார்த்துவிட்டு மறுபடி கலக்கினான்.

அவளுக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது. எதிரில் நிற்கிற மனிதனை யாரென்றே தெரியவில்லை என்கிற பயம்.

"ஏனுங்க, பன்னெண்டு வருசமா மளிகை லிஸ்ட் எழுதறது யாரு? அந்த எழுத்து எனக்குத் தெரியாதா? லெட்டரை என் கையிலயே குடுத்துட்டாங்க."

கரண்டி நின்றது. சேகரன் திரும்பவில்லை.

அந்த நேரம் பார்த்து வாசலில் ஸ்கூட்டர் சத்தம். உதயகுமார் ஒரு கிலோ மைசூர்பாக்கோடு உள்ளே வந்தான். வீட்டில் காற்று எப்படி இருக்கிறது என்று பாராமலேயே பேச ஆரம்பித்தான்.

"அண்ணி, இன்னைக்கு என்னைக் காப்பாத்துனீங்க. அந்த ஓவர் விஷயம், சூப்பர். பேசாம என் சென்டருக்கே வந்துருங்க. இன்னும் பத்து ஸ்கூல் பேசி வெச்சிருக்கேன். பாடம் பூரா நீங்க போடுங்க, வெளிய ஓடறது நான் பாத்துக்கறேன்."

"யார் பேர்ல தம்பி?"

"அது, கம்பெனி பேர்லதான் அண்ணி. நம்ம மெஷின்ல எழுதினதுதானே."

"உங்கண்ணனை மிரட்டி எழுத வெச்சியா, இல்ல கெஞ்சி எழுத வெச்சியா? அதை மட்டும் சொல்லிரு. நான் உன்னைத்தான் கேக்கறேன், அவரை இல்ல."

உதயகுமாருக்கு முகம் சிவந்துவிட்டது. திருட்டுப் பட்டம் ஒருவன் தலையில் மட்டும் விழுந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

"எம் மேல ஏன் பாயறீங்க அண்ணி? சத்தியமாச் சொல்றேன், ரெண்டு பேர் பேரும் போடலாம்னுதான் நான் சொன்னேன். ஸ்கூல் வேலையும் நீங்களே பாருங்க, பாடத்தை மட்டும் நான் வெளிய விக்கறேன்னேன். வேண்டாம், அவ பேரே வரக் கூடாது, வேலையும் வேண்டாம்னது அண்ணன். லெட்டர் ஐடியாவும் அண்ணனோடதுதான். என்னைக் கூட்டாளியா சேத்துக்கோ, மத்ததை நான் பாத்துக்கறேன்னான். கேளுங்க அவனையே."

சொர்ணலதா கேட்கவில்லை. பார்த்தாள், அவ்வளவுதான். காலையிலிருந்து மனதுக்குள் புருஷனுக்காக அவள் எத்தனை வாதம் செய்துவைத்திருந்தாள். தம்பி கெஞ்சியிருப்பான், ரத்த பாசம், மனசு இளகி எழுதியிருப்பார் என்றெல்லாம். அத்தனையும் அந்த ஒரு நிமிஷத்தில் அவிந்துபோயின.

சேகரன் இப்போதுதான் திரும்பினான்.

"ஆமா. நான்தான் சொன்னேன். எட்டு மாசமா வீட்டுல உக்காந்திருக்கேன். சேகரன் பொண்டாட்டி சம்பாதிச்சுப் போடறா, அவன் சோறாக்கி வெக்கறான்னு ஃபேக்டரி கேட்ல நின்னு சிரிக்கறானுங்க. ஊர்ல, மார்டள்ளில, எங்க சித்தப்பன் வரைக்கும் போயிருச்சு பேச்சு. உனக்கு அந்த வேலையும் நிலைச்சுப்போனா நான் காலம் பூரா இதே மாதிரித்தான். நீ டீச்சரு, கம்ப்யூட்டர் மேடம். நான் யாரு?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்லங்க. இந்த வேலை வேண்டாம், எனக்குப் பொறுக்கலைன்னு நேரா சொல்லியிருந்தா நான் சண்டை போட்டிருப்பேன், அழுதிருப்பேன். ஒருவேளை விட்டுக்கூடக் குடுத்திருப்பேன். காலைல தண்ணி பாட்டில் நிரப்பிக் குடுத்து, உன்ற பாடம்னு சொல்லி அனுப்பினீங்களே. அதை எப்படிங்க மறக்கறது?"

அப்பளம் தட்டில் நமத்துக் கிடந்தது.

அவள் பையிலிருந்து நோட்டை எடுத்து ஒரு தாளைக் கிழித்தாள். சாப்பாட்டு மேஜை மேலேயே வைத்து எழுதினாள். எழுதுவதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினாள். போர்டில் எழுதும் பழக்கம். 'கணக்குப் பாடங்கள் அனைத்தும் நான் எழுதியவை. வேலை வேண்டாம் என்ற கடிதம் நான் எழுதியது அல்ல. வெற்றுத் தாளில் நான் போட்டு வைத்த கையெழுத்துக்கு மேல் அதை எழுதியவர்...' என்று வந்து பேனா நின்றது.

"அண்ணி, பேரு வேண்டாம். போலீஸ் வரைக்கும் போயிரும்" என்றான் உதயகுமார். மைசூர்பாக் பெட்டி இன்னும் அவன் கையிலேயே இருந்தது.

"அந்தப் பேரை எழுதினா நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்" என்றான் சேகரன்.

சொர்ணலதா அவனை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு குனிந்து, 'என் கணவர் சேகரன்' என்று எழுதி முடித்தாள். கையெழுத்தைக் கடைசி வரிக்கு ஒட்டினாற்போல், இடமே விடாமல் போட்டாள்.

மணி மூன்று ஐந்து. மூன்றேகால் பஸ்ஸை விட்டால் நாலு மணிக்குள் போக முடியாது. தாளை மடித்துப் பையில் வைத்து ஜிப்பை இழுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். பின்னால் உதயகுமார் ஏதோ சொன்னான், கேட்கவில்லை.

பஸ் ஸ்டாப்புக்கு வந்து நின்றபோது செருப்புச் சத்தம் ஓடி வந்தது. சேகரன். கட்டியிருந்த லுங்கியோடு, மேலே ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு, பொத்தான்கூடப் போடாமல் வந்திருந்தான்.

"இரு புள்ள. நானும் வரேன்."

எதற்கு வருகிறான்? செக்ரெட்டரி முன்னால் நின்று ஒப்புக்கொள்ளவா? இல்லை, அவள் கொடுக்கப்போவதும் பொய் என்று சாதிக்கவா? அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலையில் இதே வார்த்தையைச் சொல்லியிருந்தால் அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பாள். இப்போது பையை முன்பக்கம் இழுத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், கூட்டத்தில் முன்பின் தெரியாதவர் பக்கத்தில் நிற்கிற மாதிரி. கேட்கவும் இல்லை. கேட்டால் ஒரு பதில் சொல்வான், அதை நம்ப வேண்டிவரும்.

பஸ் வந்தது. இரண்டு பேரும் ஏறினார்கள். அவன் அவள் பின்னாலேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கண்டக்டர் அந்த வழியில் பழகினவர், வருஷக்கணக்காக இவர்கள் இருவரையும் தெரியும். கேட்காமலேயே இரண்டு டிக்கெட் கிழிக்கக் கையை வைத்தார்.

"ஒந்து" என்றாள் சொர்ணலதா.

கண்டக்டர் அவளைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். ஒரு டிக்கெட்டை மட்டும் கிழித்துக் கொடுத்தார்.